அப்பிள் ஏறிய கப்பல்

எங்கட சீனியர் அக்கா ஒராள் தாய்லாந்துக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போறா. பெட்டி அடுக்க உதவிக்குப் போனம். உடுப்பு, மருந்து, ஒரு கட்டு படக்கார்ட். முதல் கார்ட் அப்பிள். அங்க மாம்பழம்தானே காய்க்குது எண்டு சிரிச்சம். உடனே 'தோமஸ்' கப்பல் ஞாபகம் வந்தது.

1901 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்ட அமெரிக்க இராணுவக் கப்பல் அது. ஏறக்குறைய 500 ஆசிரியர்கள். பெட்டிகளோடு டென்னிஸ் ராக்கெட், பேஸ்போல் மட்டை, கமரா, வாத்தியங்களும் ஏறின. சுற்றுலா போற மாதிரி! ஆனால் அங்கே அமெரிக்கப் படைக்கு எதிராக 1899 இல் தொடங்கிய போர் இன்னும் ஓயவில்லை. இலவசப் பள்ளிக்கூடங்களும் ஆங்கிலவழிக் கல்வியும் அமெரிக்க ஆட்சி அந்த ஜனவரியில் போட்ட 74ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தவை. துவக்குக்குப் பின்னால் கரும்பலகை போனது.

அந்த ஆசிரியர்களைத் திட்டி முடிக்கவும் ஏலாது. தூரக் கிராமங்களில் போயிருந்து படிப்பித்தார்கள். 1902 இல் கொலரா பரவியது. சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். ஆனால் வகுப்பில் இருந்த புத்தகங்கள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எழுதியவை. அப்பிளும் பனியும் காணாத பிள்ளைகள் அவற்றை வைத்தே எழுத்துக்கூட்டினார்கள். எங்களைப் போலத்தான்.

இந்தக் கல்வி தன் மக்களைச் சொந்த வரலாற்றிலிருந்தே பிரித்துவிட்டது என்று பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கொன்ஸ்டன்டினோ வாதிட்டார். அந்தக் கட்டுரை 1966 இல் வெளிவந்தது. எங்களுக்கு அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால், அவர் அதை எழுதியதும் ஆங்கிலத்தில்.