புகைப்படத்திற்கு முன்னோடி

சுங்கை பூலோச் சதுப்பு நிலத்தில் பறவைகளைப் படம்பிடிக்கப் பயில்வோருக்கு முதலில் பழைய ஓவியங்களைக் காட்டுதல் நலம் என்பது என் துணிபு. சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக 1819 முதல் 1823 வரை விளங்கிய வில்லியம் பார்குவார், அதற்கு முன் மலாக்காவில் ஆட்சி புரிந்தபோதே சீன ஓவியரைக் கொண்டு அப்பகுதியின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் வரைவித்தார். அத்தொகுப்பின் 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. பலவற்றில் மலாய்ப் பெயர் எழுதியிருத்தலால் அவை வெறும் அழகுப் பொருளாகாமல் சான்றுகளாயின. வரைந்தவர் பெயரை எழுதாது விட்டதோ பெருங்குறையே! இக்காலத்தார் நூறு படம் எடுத்தும் நாளையும் இடத்தையும் குறிப்பதில்லை. சுங்கை பூலோவைக் காத்ததோ அத்தகைய குறிப்பே: 1986-இல் அதனைக் கண்டறிந்த பறவை ஆர்வலர், ஆங்கு வருவனவற்றைக் குறித்துவைத்து அரசிடம் வேண்டினர், 1989-இல் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது.