நன்றியும் நெருப்பும்: நவம்பர் 5 வாணவேடிக்கை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு விழாவின் பொருளை அது தோன்றிய நாளைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது. அவ்விழா எதற்கு நன்றி கூறுகிறது, யாரைப் பழிக்கிறது என்பவற்றையும் சேர்த்தே காணுதல் வேண்டும். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் நாள் இரவில் மூட்டப்படும் பெருந்தீயும் வாணவேடிக்கையும் இதற்குத் தக்க சான்றாகும். இன்று பலருக்கு அது குடும்பத்தோடு கண்டு மகிழும் ஒளிக்காட்சி. ஆயினும், அந்நாள் இரண்டரை நூற்றாண்டுக் காலம் சட்டத்தால் விதிக்கப்பட்ட கிறித்தவ நன்றித் திருநாளாக விளங்கியது. கடவுளுக்கு நன்றி செலுத்த ஏற்பட்ட அந்நாள், சக கிறித்தவரைப் பழிக்கும் நாளாக எவ்வாறு மாறியது என்பதையும், அம்மாற்றத்தை மதிப்பிடும் அளவுகோல் அத்திருநாளின் மறையுரைகளுக்குள்ளேயே இருந்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சதியும் மீட்பும்

அரசி எலிசபெத்தின் காலத்தில், அரசத் திருச்சபையின் வழிபாட்டிற்கு வர மறுத்த கத்தோலிக்கர் மீது 1581ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 20 பவுண்டு தண்டம் விதித்தது. 1603இல் முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியபோது இந்நெருக்கடி தளரும் எனக் கத்தோலிக்கர் பலர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்த நிலையில், ராபர்ட் கேட்ஸ்பியின் தலைமையில் 13 பேர் கொண்ட குழுவொன்று, நாடாளுமன்றத் தொடக்க நாளில் மன்னரையும் அவையினரையும் வெடிமருந்தால் தகர்க்கத் திட்டமிட்டது. மொன்டீகிள் பிரபுவுக்கு 1605 அக்டோபர் 26 அன்று வந்த பெயரில்லாக் கடிதம் ஐயத்தை எழுப்பியது. பிரபுக்கள் அவையின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்துடன் காவலிருந்த கை பாக்ஸ் பிடிபட்டார். மன்னர் தப்பிய மகிழ்ச்சியில் நவம்பர் 5 அன்று இரவே இலண்டன் மக்கள் தெருக்களில் தீ மூட்டினர்.

நவம்பர் 8ஆம் நாள் கேட்ஸ்பி சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியோருள் எண்மர் 1606 ஜனவரி 27 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரிக்கப்பட்டு, அம்மாத இறுதியில் தூக்கிலிடப்பட்டனர். இங்கிலாந்துக் கத்தோலிக்கக் குருக்களின் தலைவராக இருந்த ஜார்ஜ் பிளாக்வெல், சதி வெளிப்பட்டவுடனேயே அதைக் கண்டித்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. குற்றம் ஒரு சிறு குழுவினுடையது. பழியோ ஒரு சமூகம் முழுவதையும் சூழ்ந்தது.

நன்றியிலிருந்து பகைமைக்கு

1606இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஆண்டுதோறும் நவம்பர் 5 காலையில் மக்கள் ஆலயத்திற்கு வந்து இம்மீட்புக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்தவேண்டும் என விதித்தது. அதற்கெனத் தனி வழிபாட்டு முறையும் வகுக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டமோ, அரச வழிபாட்டை ஏற்காத கத்தோலிக்கர் சட்டத்தொழிலும் மருத்துவத் தொழிலும் செய்வதைத் தடுத்தது. ஆக, நன்றியும் தண்டனையும் ஒரே அவையில் ஒரே காலத்தில் பிறந்தன எனலாம்.

தெருவில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் வெளிப்படையானது. 1670களில் போப்பாண்டவரின் கொடும்பாவியை எரிக்கும் வழக்கம் இலண்டனில் வலுப்பெற்றது. 1688இல் ஆரஞ்சு வில்லியம் இதே நவம்பர் 5 அன்று டார்பே கடற்கரையில் இறங்கியமை, அந்நாளின் அரசியல் பொருளை மேலும் இறுக்கியது. பின்னர் வழிபாட்டு முறையிலும் அந்நிகழ்வு சேர்க்கப்பட்டது. 1850இல் இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர் ஆட்சிமுறை மீண்டும் நிறுவப்பட்டபோது, கர்தினால் வைஸ்மனின் உருவபொம்மையும் தீயிலிடப்பட்டது. கடல் கடந்த அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. கனடாவின் கத்தோலிக்கரை நேச சக்தியாக வேண்டிய ஜார்ஜ் வாஷிங்டன், 1775 நவம்பர் 5 அன்று தம் படையினர் போப்பாண்டவரின் உருவத்தை எரிப்பதைத் தடைசெய்து ஆணையிட்டார்.

இப்பகைமைக்கு ஒருபக்க வரலாறு மட்டுமே உண்டு எனக் கருதுதல் பிழையாகும். கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில், 1555 முதல் 1557 வரை சசெக்ஸ் வட்டாரத்தின் லூயிஸ் நகரில் சீர்திருத்தச் சபையார் 17 பேர் உயிருடன் எரிக்கப்பட்டனர். அந்நகரின் நவம்பர் ஊர்வலத்தில் எரியும் சிலுவைகள் 17 ஏந்திச் செல்லப்படுவது அவர்கள் நினைவாகவே. மறக்கலாகாத இறப்புகள் அவை. ஆனால் தீயில் மாண்டோரைத் தீயினாலேயே நினைவுகூரும்போது, அஞ்சலி எங்கே முடிகிறது, பழி எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

1609ஆம் ஆண்டு மறையுரை

இவ்விடத்தில் ஆயர் லான்சலட் ஆண்ட்ரூஸ் நம் கவனத்திற்குரியவர். சதி வெளிப்படுவதற்கு இரு நாள் முன்னரே, 1605 நவம்பர் 3 அன்று, அவர் சிச்செஸ்டர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயர் என்ற முறையில் பிரபுக்கள் அவையில் அமரும் உரிமையும் அவருக்கு வாய்த்தது. தகர்க்கப்படவிருந்த அவை அதுவே. நவம்பர் 5 குறித்து அவர் ஆற்றிய மறையுரைகளுள் பத்து நமக்குக் கிடைக்கின்றன. 1606இல் அவர் எடுத்துக்கொண்ட 118ஆம் சங்கீதம், அந்நாளைக் கர்த்தர் உண்டாக்கிய நாளாகக் கொண்டாட அழைக்கிறது.

1609இல் அவர் தேர்ந்த திருமறைப் பகுதி லூக்கா 9ஆம் அதிகாரத்தைச் சார்ந்தது. தம்மை ஏற்க மறுத்த சமாரியரின் ஊரை வானத்துத் தீயால் அழிக்கலாமா எனச் சீடர் இருவர் வினவ, இயேசு அவர்களைக் கடிந்துகொண்டு வேறொரு ஊருக்குச் செல்கிறார். சமயத்தின் பெயரால் அழிவுத்தீயை நாடிய சதிகாரரைக் கண்டிப்பதற்கே ஆண்ட்ரூஸ் இப்பகுதியை ஆண்டார். ஆனால், திருமறையின் அக்கடிந்துரை ஒரு தரப்பாரோடு நிற்பதில்லை என்பது நம் கருத்து. நிலவறையில் வெடிமருந்து வைத்தவரைக் கண்டிக்கும் அதே சொல், கொடும்பாவிக்குத் தீயிடும் கூட்டத்தையும் நோக்கி நிற்கிறது. சீடர்கள் கேட்டது தங்களுக்கான பாதுகாப்பை அன்று, மாற்றாரின் அழிவை. மீட்புக்கு நன்றி சொல்வதற்கு மாற்றாரின் அழிவு தேவையில்லை என்பதே அப்பகுதி தரும் பாடமாகும்.

முடிவுரை

1829இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். 1859இல் நவம்பர் 5 வழிபாடும் அதற்குரிய சட்டமும் நீக்கப்பட்டன. வழிபாடு மறைந்தது, வாணவேடிக்கை எஞ்சியது. இதனைச் சமய உணர்வின் தேய்வு எனச் சிலர் வருந்தக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டாயத்தால் செலுத்தப்பட்ட நன்றி, அயலாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டே இருந்தது. அச்சட்டம் நீங்கியபின்னரே, உயிர் பிழைத்ததற்கான நன்றியைப் பகையின்றிச் சொல்லும் வாய்ப்பு கிறித்தவருக்கு ஏற்பட்டது.

2010 செப்டம்பர் 17 அன்று, போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட், கை பாக்ஸ் விசாரிக்கப்பட்ட அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரித்தானிய நாடாளுமன்றத்தினர் முன் உரையாற்றினார். அவருடைய முன்னோடிகளின் உருவங்கள் எரிக்கப்பட்ட நாட்டில் அது நிகழ்ந்தது. விழாக்களை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர்கள், அவற்றின் தோற்றக் கதையோடு நில்லாமல், அக்கதையில் தோற்றவர்களின் வழித்தோன்றல்கள் அவ்விரவை எவ்வாறு கழித்தனர் என்ற வினாவையும் மாணவர் முன் வைப்பது பயனுடையதாகும்.