சயனைடில் நீலம் எங்கே?

ஐரோப்பியப் புல்வெளிகளில் பட்டப்பகலில் பறக்கும் ஓர் அந்துப்பூச்சிக்கு பர்னெட் என்று பெயர். கருமையான முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஆறு சிவப்புப் பொட்டுகள். பறவை கொத்தி நசுக்கினால் அதன் உடலிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். இந்தச் 'சயனைடு' என்ற சொல்லுக்கு வேர் 'கியானோஸ்' என்னும் கிரேக்கச் சொல். பொருள்: கருநீலம்.

நீலமும் நஞ்சும் சேர்ந்தாலே நமக்கு நீலகண்டன் நினைவு வந்துவிடும். சயனைடு என்பதும் விஷம் ஏறி உடல் நீலம் பாரிப்பதால் வந்த பெயர் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். தவறு. இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை உயிரணுக்கள் பயன்படுத்தவிடாமல் சயனைடு தடுக்கிறது. செலவாகாத ஆக்சிஜனோடு இரத்தம் நல்ல சிவப்பாகவே ஓடும்.

பெயர் வந்தது சாயக்காரரின் பானையிலிருந்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்பவர் சிவப்புச் சாயம் காய்ச்சினார். கோச்சினீல் பூச்சி, படிகாரம், அன்னபேதி, பொட்டாஷ். அந்தப் பொட்டாஷில் விலங்கு எண்ணெய் கலந்திருந்ததாம். சிவப்புக்குப் பதில் ஆழ்ந்த நீலம் இறங்கியது: பிரஷ்ய நீலம். ஆக, இந்தக் கதையின் முதல் பானையிலேயே ஒரு பூச்சி கிடந்திருக்கிறது!

1782இல் ஸ்வீடனின் ஷீலே அந்த நீலத்தை அமிலத்தோடு சூடாக்கி 'பிரஷ்ய அமிலத்தை', அதாவது ஹைட்ரஜன் சயனைடை, வடித்தார். ஜெர்மானியர்களுக்கு அது 'நீல அமிலம்'. 1815இல் பிரெஞ்சு வேதியியலர் கே-லுசாக் அதன் உறவான ஒரு வாயுவுக்கு 'சயனோஜன்' என்று பெயர் சூட்டினார்; 'சயனைடு' என்ற பெயர் அதன் வழி வந்தது. சயனோஜன் என்றால் நீலத்தைப் பெற்றெடுப்பது என்று பொருள். அமிலத்துக்கும் நிறமில்லை, சயனோஜன் வாயுவுக்கும் நிறமில்லை. பிள்ளையின் நிறத்தைத் தாய்க்குப் பெயராக்கிவிட்டார்கள்.

பர்னெட் பூச்சி சயனைடை அப்படியே சுமப்பதில்லை; சர்க்கரையோடு பிணைத்து 'லினாமரின்' முதலிய சேர்மங்களாகவே வைத்திருக்கிறது. புழுப்பருவத்தில் தின்னும் இலையிலிருந்து எடுத்துக்கொள்ளும்; போதாததைத் தானே அமினோ அமிலங்களிலிருந்து தயாரித்துக்கொள்ளும். லினாமரின் என்பது லத்தீன் கூட்டுச்சொல்: லினும் என்றால் ஆளிச்செடி, அமாருஸ் என்றால் கசப்பு. சயனைடைவிட இது எவ்வளவோ நேர்மையான பெயர். அந்தக் கசப்பு நம் நாக்குக்கும் புதிதல்ல. மரவள்ளியை வேகவைத்து நீரைக் கொட்டுகிறோமே, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வண்டிவண்டியாகப் போகிறதே, அந்தக் கிழங்கில் இருப்பதும் இதே லினாமரின்தான்.