விரும்பப்பட்டோரும் வெறுக்கப்பட்டோரும்

பலர் விரும்பிப் படித்த எழுத்தாளர் எவரும் வசைக்குத் தப்பியதில்லை. பிற நாட்டு இலக்கியங்களிலும் இந்நிலை உண்டு. தமிழில் இவ்வசைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சியான வரலாறே இருக்கிறது. ‘இவரை ஏன் வெறுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு விடை கூறியிருக்கின்றது. அவ்விடைகளை ஒருசேர வைத்து நோக்கும்போது எழுத்தாளரின் குறைகளைக் காட்டிலும் வேறொன்றே மிகுதியாகப் புலனாகிறது. வீட்டிற்குள் எந்தப் புத்தகம் நுழையலாம், அதை யார் படிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதே அது.

இக்கதையின் தொடக்கம் இலண்டனில் இருக்கிறது. ஜி. டபிள்யு. எம். ரெயினால்ட்ஸ் (1814–1879) என்பார் 1844 முதல் ‘இலண்டன் இரகசியங்கள்’ என்னும் கதையை ஒரு பென்னி விலையில் வாரந்தோறும் வெளியிட்டார். மாளிகைகளின் ஒழுக்கக்கேடும் சேரிகளின் குற்றங்களும் கலந்த அக்கதைகளை உழைக்கும் மக்கள் விரும்பி வாங்கினர். டிக்கன்ஸுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆங்கில இலக்கிய வரலாற்று நூல்களில் இன்று தேடிப் பார்த்துத்தான் ரெயினால்ட்ஸின் பெயரைக் காண வேண்டும். ஆனால் கப்பலேறி வந்த அவர் கதைகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் குடிபுகுந்தன. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவற்றைத் தழுவி ‘இரத்தினபுரி இரகசியம்’ முதலாகப் பல பாகங்கள் கொண்ட நாவல்களை எழுதிக் குவித்தார். இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் மறைமலையடிகள் 1911இல் வெளியிட்ட ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யும் இதே ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவியதே. அடிகள் கைப்பட்டதும் கதை தூய தமிழாடை உடுத்துக்கொண்டது. அதனை எவரும் மலிவுக் கதை என்று இகழ்ந்ததாகத் தெரியவில்லை.

முதலியாரும், ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ போன்றவற்றை எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரும், வை. மு. கோதைநாயகி அம்மாளும் பெற்ற வாசகர்களுள் பெருந்தொகையினர் பெண்கள். அவர்கள் புதிதாக எழுத்தறிந்தவர்கள். வெறுப்பின் முதற்காரணம் இங்கே பிறந்தது. நாவல் படித்தால் பெண்கள் கெடுவர், வீட்டு வேலை கிடக்கும், பொய்யை மெய்யென்று நம்புவர் என்றெல்லாம் கண்டித்தனர். கண்டித்தோரிற் பலர் அந்நாவல்களைத் தாமும் விடாமற் படித்தவர்களே என்று எண்ணுவதில் தவறிருக்காது. படியாதவர்க்கு அத்தனை விவரம் தெரிந்திருக்க வழியில்லை. கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கையே இக்குற்றச்சாட்டுக்குத் தக்க மறுமொழியாகும். முறையான பள்ளிப் படிப்பு இல்லாத அவர், தம் முதல் நூலாகிய ‘இந்திரமோகனா’ நாடகத்தை வாயாற் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அதே அம்மையார் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, விடுதலைப் போரிற் சிறையும் சென்றார். அவருடைய நாவல்களை இன்று படிப்பது எளிதன்று. பாத்திரங்கள் நின்று நிதானித்துச் சொற்பொழிவாற்றுகின்றனர். ஆயினும் அவற்றைப் படித்தே வாசிப்புப் பழகிய பெண்கள் எத்தனை இல்லங்களில் இருந்தனர்!

அடுத்த தலைமுறையில் வெறுப்பின் காரணம் ஒழுக்கத்திலிருந்து இலக்கியத்துக்கு மாறியது. இதன் நடுநாயகமாக நின்றவர் கல்கி (1899–1954). எஸ். எஸ். வாசனின் ‘ஆனந்த விகட’னில் அவர் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளும் தொடர்கதைகளும் தமிழில் அதுவரை காணாத வாசகர் கூட்டத்தைத் திரட்டின. அதே காலத்தில், 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யைச் சுற்றி வேறொரு கூட்டம் திரண்டது. அவர்களிடம் வாசகர் குறைவு, வறுமை மிகுதி, கூர்மையான பேனா உண்டு.

இரு முகாம்களுக்கும் மூண்ட முதற்பெரும் போர் பாரதியைப் பற்றியது. உலக மகாகவிகளின் வரிசையில் பாரதியை வைக்க இயலாது என்னும் கருத்துக் கல்கியின் தரப்பிலிருந்து எழுந்தபோது, வ. ரா. சீறியெழுந்தார். கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய மறுப்புக் கட்டுரைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என நூலாயின. பின்னாளில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப மக்களிடம் பணம் திரட்டியவரும் அதே கல்கியே. 1947இல் அம்மண்டபத்தை இராஜாஜி திறந்துவைத்தார். அதற்காக மணிக்கொடியார் அவரை மன்னித்துவிடவில்லை.

இரண்டாவது போர் தழுவல் பற்றியது. மொழிபெயர்ப்பு நேர்மையான தொழில்; பிறர் கதைக்கு வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டு, தன் குழந்தையென்று சபையில் நிறுத்துவது திருட்டு என்பது புதுமைப்பித்தன் (1906–1948) கட்சியின் சாரம். ‘ரசமட்டம்’ என்னும் புனைபெயரில் அவர் கல்கி மீது தொடுத்த கணைகள் இன்றும் சூடு ஆறாதவை. அவர் மறைந்த பின், அவருடைய தொடக்கக் காலக் கதைகளுட் சில மாப்பசானைத் தழுவியவை என்று ஆராய்ச்சியாளர் காட்டினர். அதனால் அவர் கூறிய நெறி பொய்யாகிவிடாது. கல்கி மீது சாற்றப்பட்ட குற்றங்களுள் நியாயமானது இது ஒன்றே என்பது என் கருத்து. மற்றவற்றில் ஓரளவு பொறாமையும் இருந்தது. பத்துப் பேர் படிக்கும் இதழில் உயிரைக் கொடுத்து எழுதுபவன், பத்தாயிரம் பேர் படிக்கும் இதழைப் பார்த்துப் பெருமூச்சு விடுதல் இயல்புதானே!

கல்கியின் மீது அவருடைய அன்பர்களுக்கே ஒரு மனக்குறை இருந்தது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, கதை சட்டென நின்றுவிட்டதென்றும், பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்களென்று சொல்லவில்லையென்றும் வாசகர்கள் முறையிட்டனர். ஆசிரியர் தனியே முடிவுரை எழுதி அவர்களுக்குச் சமாதானம் கூற நேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை அவர் தெளிவுபடுத்தாமல் விட்டதைப் பற்றிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இவ்விடத்தில் நம் அல்சூரைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1809ஆம் ஆண்டை ஒட்டிப் பெங்களூரில் படைவீடு அமைந்த காலந்தொட்டுச் சிப்பாய்களாகவும், வணிகர்களாகவும், கட்டடத் தொழிலாளராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர். பிற்காலத்தில் விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, மத்திய அரசு அலுவலகங்கள் ஆகியவற்றிற்கு வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பயின்றனர். தமிழைப் பள்ளியில் கற்கும் வாய்ப்புப் பெற்றோர் குறைவு. அத்தகைய இல்லங்களுக்குள் தமிழ் எழுத்து எதன் வழியாக நுழைந்தது? சென்னையிலிருந்து வந்து சேரும் வார இதழ் வழியாகவே. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்து, ஒரு தெரு முழுவதும் கைமாறிய தொகுதிகள் வழியாகவே. மணியம் வரைந்த படத்தைப் பார்த்து, அதன் கீழுள்ள வரியை எழுத்துக்கூட்டிய குழந்தைகளுக்குக் கல்கியே அரிச்சுவடி. சென்னையில் அமர்ந்து ‘இதெல்லாம் இலக்கியமா?’ என்று கேட்பது எளிது. அங்கு அது தேவையான கேள்வியுங்கூட. தமிழுக்கு வேறு வாயிலே இல்லாத இல்லத்தில் அக்கேள்விக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது.

கல்கிக்குப் பின் மு. வரதராசனாரும், அகிலனும், நா. பார்த்தசாரதியும் அப்பீடத்தில் அமர்ந்தனர். க. நா. சுப்ரமண்யம் (1912–1988) இவர்களை விடாது தாக்கினார். பட்டியல் போட்டு நல்லவை இன்னின்ன என்று அவர் கூறுவார். பட்டியலில் புகழ்பெற்றோர் இரார். இலட்சியம் பேசும் பாத்திரங்கள் மனிதர்கள் அல்லர் என்பது அவர் வாதம். வாசகரோ ‘குறிஞ்சி மல’ரைப் படித்துவிட்டுத் தம் குழந்தைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயரிட்டனர். இருவருக்கும் இடையில் என்னை நடுவராக வைத்தால், பூரணியின் பொறுமை எனக்குச் சலிப்பூட்டுகிறது என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் சம்பளத் தேதிக்கும் வாடகைத் தேதிக்கும் இடையில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்கள், வறுமையிலும் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு பெண்ணைக் கதையிலாவது காண விழைந்ததை ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது. அகிலனும் இரயில்வே அஞ்சல் பிரிவில் ஊழியராக இருந்துகொண்டே எழுதியவர்தாம். ‘சித்திரப்பாவை’க்காக 1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு தமிழுக்கு முதன்முதலாக வந்தபோது, சுந்தர ராமசாமி அதைக் கொண்டாட மறுத்துக் கடுமையான கட்டுரை எழுதினார். பரிசு வந்த மகிழ்ச்சியில் வெளிமாநிலத் தமிழர் பலருக்கு அக்கட்டுரை வேம்பாகக் கசந்தது. சாண்டில்யனைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை: ‘கடல் புறா’வின் போர்களைப் பெரியவர்கள் மெச்சினர், வர்ணனைகளுக்காகப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தனர், பிள்ளைகள் கண்டுபிடித்துப் படித்தனர்.

இதுவரை கண்டவை பெரும்பாலும் எழுத்தாளரே எழுத்தாளரை வெறுத்த கதை. வாசகரே கொதித்தெழுந்த வரலாறு ஜெயகாந்தனுடையது. 1966இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் அயலான் ஒருவனால் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண்ணின் தலையில் அவள் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர்களைச் சினமூட்டியது அப்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையன்று, தாய் மன்னித்ததே! ஜெயகாந்தன் மறுப்புக் கட்டுரை எழுதுவதோடு அமையவில்லை. தாய் அவ்வாறு செய்யாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் அப்பெண் என்ன ஆகியிருப்பாள் என்று காட்ட ஒரு நாவலே எழுதினார். அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. பின்னர்த் திரைப்படமும் ஆயிற்று. வாசகரின் வெறுப்பு ஒரு நல்ல நாவலைப் பிறப்பித்ததற்கு இதனினும் சிறந்த சான்று தமிழில் இல்லை.

வெறுப்பு எல்லாக் காலத்தும் இத்தகைய பயன் தந்துவிடவில்லை. 1970 முதல் நம் நகரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய சுஜாதா (1935–2008), 1857ஆம் ஆண்டுப் பின்னணியில் ‘கறுப்பு சிகப்பு வெளுப்பு’ என்னும் தொடரைக் ‘குமுத’த்தில் தொடங்கினார். தங்கள் சமூகம் இழிவுபடுத்தப்பட்டது என்று ஒரு சாரார் கிளர்ந்தெழ, சில வாரங்களிலேயே தொடர் நின்றது. எழுதுவதே வேண்டாம் என்னும் அளவுக்கு மிரட்டல்கள் வந்தன. பின்னர் அதே பின்னணியில் ‘இரத்தம் ஒரே நிறம்’ என்னும் வேறு கதையை அவர் எழுதி முடித்தார். இலக்கியவாதிகள் அவருடைய வேக நடையையும் ஆங்கிலச் சொற்களையும் பழித்ததுண்டு. அதற்கு அவர் எழுத்தாலேயே விடை சொல்ல முடிந்தது. கதையை இடைநடுவில் நிறுத்தச் சொல்லும் கூட்டத்திற்கு அவ்வாறு விடை சொல்ல வழியில்லாமற் போயிற்று. புதுமைப்பித்தனின் ஏளனத்தையும் ஜெயகாந்தன் வாசகரின் கோபத்தையும் இதனோடு ஒரே தட்டில் வைத்தல் கூடாது. அவர்கள் படித்துவிட்டுச் சினந்தவர்கள்.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் வெளிவந்தபோது வெறுப்பு வேறொரு திசையில் திரும்பியது. நாவலிலுள்ளதை மாற்றிவிட்டார், இன்ன பாத்திரத்தை விட்டுவிட்டார் என்று வாசகர்கள் கொதித்தனர். சரித்திரத்தில் கற்பனையைக் கலந்தார் என்று ஒரு காலத்தில் கல்கியைக் குறை கூறினர்; இப்போதோ கல்கியின் கற்பனையில் எழுத்துப் பிசகாதிருக்க வேண்டுமென்று வழக்காடினர்.

அத்திரைப்படங்களைக் கண்டு வந்த அல்சூர்ப் பிள்ளைகள் பலர் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடினர். சிலர் ஒலிப்புத்தகமாகக் கேட்டனர். அவர்களுக்கும் நந்தினியைப் பற்றி ஐயங்கள் உண்டு, குறைகளும் உண்டு. அவர்கள் பாட்டனார் தைத்து வைத்த பழந்தொகுதிகள் இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருக்கின்றன. தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது. விளம்பரப் பக்கங்களும் சேர்த்தே தைக்கப்பட்டிருப்பதால் கதை நடுவே தலைவலி மருந்தும் சோப்பும் குறுக்கிடும். மணியத்தின் படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. படத்தின் கீழுள்ள வரியைப் படித்துக் காட்டுமாறு பிள்ளைகள் இப்போது பெரியவர்களைக் கேட்கின்றனர்.