மொழி, தொடர்பாடல் குறைபாடுகள் கூட்டு முனைவர் படிப்பு

மொழி, தொடர்பாடல் குறைபாடுகள் கூட்டு முனைவர் படிப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகமும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகமும் இணைந்து நடத்தும் ஆய்வுப் படிப்பு ஆகும். மனிதர் மொழியை எவ்வாறு பெறுகின்றனர், எவ்வாறு இழக்கின்றனர் என்பதே இதன் ஆய்வுப் பொருள். உளவியலாளர் எலிசபெத் பேட்ஸ் (1947–2003) இதனை நிறுவியோருள் ஒருவர்.

கூட்டாக அமைந்த காரணம்

கலிபோர்னியாவில் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள் உள்ளன. 1960 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம், முனைவர் பட்டம் வழங்கும் உரிமையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கியது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதனுடன் இணைந்தே அப்பட்டத்தை வழங்க இயலும் என்றது. கல்வியியல் போன்ற சில தொழில்சார் முனைவர் பட்டங்களுக்கு 2005 முதல் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. சட்டத்தின் கட்டாயம் இத்துறைக்கு நன்மையாகவே முடிந்தது எனலாம். குறைபாடு உடையோருடன் நேரடியாகப் பணியாற்றும் பேச்சு, கேட்டல் துறை ஒரு பல்கலைக்கழகத்திலும், மொழியியல், அறிதிறன் அறிவியல், நரம்பியல் முதலியன மற்றொன்றிலும் இருந்து வந்து சேர்ந்தன.

ஆய்வுகள்

மூளையின் ஒரு பகுதி சேதமடைவதால் மொழித்திறன் குன்றுவது பேச்சிழப்பு (அஃபேசியா) எனப்படும். பெயர் இவ்வாறு இருப்பினும், இழக்கப்படுவது பேச்சு மட்டுமன்று. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தை அடுத்துள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஊர்சுலா பெலூகி குழுவினர், பக்கவாதத்துக்கு உள்ளான காது கேளாதோரை ஆராய்ந்தனர். அவர்கள் அமெரிக்கச் சைகை மொழியைப் பயன்படுத்துவோர். சைகைகள் கண்ணால் காணப்படுபவை, வெளியில் கைகளால் வரையப்படுபவை. ஆகவே இடம் சார்ந்த திறன்களுக்கு முதன்மையான வலது மூளை சேதமடைந்தால் சைகை மொழி சிதையும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இடது மூளை சேதமடைந்தவர்களே சைகை மொழியில் தடுமாறினர். வலது மூளை சேதமடைந்தவர்கள் படம் வரைவதில் இடர்ப்பட்டும் சைகை மொழியைப் பெரிதும் இழக்கவில்லை. 1987 இல் நூலாக வெளிவந்த இம்முடிவு, சைகை மொழி வெறும் அபிநயம் அன்று, முழுமையான மொழியே என்பதற்கு வலுவான சான்று ஆயிற்று.

அதே ஆண்டில் பேட்ஸும் அவருடன் பணியாற்றியோரும் ஆங்கிலம், இத்தாலியம், செருமானியம் பேசும் பேச்சிழப்பு நோயாளிகளை ஒப்பிட்டனர். ஆங்கில நோயாளிகள் சொற்களின் விகுதிகளை விட்டுவிடுவதைக் கண்டு, மூளையில் 'இலக்கணப் பகுதி' அழிந்துவிட்டது எனச் சிலர் விளக்கி வந்தனர். விகுதிகள் மிகுந்த மற்ற இரு மொழிகளின் நோயாளிகளோ அவற்றைப் பெருமளவு காத்திருந்தனர். ஆங்கிலத்தை மட்டும் ஆராய்ந்து மனித மூளையைப் பற்றிப் பொதுவிதி கூறுவது எத்துணைப் பிழையானது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வு பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படுவது. லாரி ஃபென்சன், டானா தால், பேட்ஸ் முதலியோர் உருவாக்கிய மாக்ஆர்தர் வினாப்பட்டியலில், 8 முதல் 30 மாதக் குழந்தை அறிந்த சொற்களைப் பெற்றோரே குறிக்கின்றனர். ஒரே வயதுக் குழந்தைகளிடையே மிகப்பெரும் வேறுபாடு இருப்பது இதனால் தெரிய வந்தது. தாமதமாகப் பேசுவோருள், பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டு சைகைகளையும் பயன்படுத்தும் குழந்தைகள் பெரும்பாலும் பின்னர் ஈடுகட்டிவிடுகின்றனர் என்றும் தால் கண்டார். புரிதலும் குறைந்திருப்பின் 'தானாகப் பேசும்' என்று காத்திருப்பது சரியன்று.

பட்டமும் தொழிலும்

இது சிகிச்சையாளருக்கான உரிமம் அன்று. அமெரிக்காவில் பேச்சு, மொழிச் சிகிச்சை அளிக்க முதுநிலைப் பட்டமும் மேற்பார்வையிலான பயிற்சியும் போதும். முனைவர் பட்டம் பெறுவோர் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் பல்கலைக்கழகக் கற்பித்தலுக்கும் செல்கின்றனர். அடுத்த தலைமுறைச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிப்போர் அவர்களே.