பளியரும் 107 தலைமுறைகளும்

"ஆதித் தமிழன் யாரு?" என்று கேட்டால் நம்ம ஆட்கள் இரண்டு பக்கம் கை காட்டுவார்கள். முதல் கை மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றை நோக்கிப் போகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் சேகரித்த ரத்த மாதிரிகளில் எம்130 என்ற மரபணுக் குறி அங்கே கிடைத்தது. 2002-இல் ஸ்பென்சர் வெல்ஸ் அதைப் படமாகவும் புத்தகமாகவும் உலகத்துக்குக் கொண்டுபோனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் பயணிகளின் தடம் என்றார். சரிதான். ஆனால் அது ஒய் குரோமோசோம். அப்பா, அப்பாவின் அப்பா என்று போகும் ஒற்றைக் கோடு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு ஆயிரத்துச் சொச்சம் மூதாதையர் இடங்கள். அந்தக் கோடு தொடுவது அதில் ஒருவரைத்தான்.

இன்னொரு கை பழனி மலையைக் காட்டும். கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த பளியர்கள். டாமன் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1908-லேயே அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். "அவங்கதான் கலப்பே இல்லாதவங்க" என்பது கொடைக்கானல் போய்வந்தவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வசனம்.

2019-இல் 'சயின்ஸ்' இதழில் நரசிம்மன் குழுவின் ஆய்வு வந்தது. அதில் பளியர் மாதிரிகளும் உண்டு. ஸ்டெப்பி மேய்ப்பர்களின் வம்சாவளி அவர்களிடம் மிகக் குறைவு. அதுவரை நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் அவர்களும் கலப்புதான். இங்கிருந்த பழைய வேட்டைக்குடி ஒரு பக்கம், சிந்துவெளியில் காணப்படும் ஈரான் சார்ந்த வம்சாவளி இன்னொரு பக்கம்.

தேதி எப்படித் தெரியும்? இரண்டு கூட்டம் கலந்ததும் டி.என்.ஏ. பெரிய பெரிய துண்டுகளாகப் பிள்ளைக்குப் போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் உடைந்து சிறுத்துக்கொண்டே வரும். இன்றைய துண்டின் நீளத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணலாம். (பழைய கோடில் எப்போது மெர்ஜ் நடந்தது என்று தேடுகிற வேலைதான், லாக் ஃபைல் மட்டும் கிடையாது.) பளியருக்கு வந்த கணக்கு சுமார் 107 தலைமுறை. பிழை விளிம்போடு சொன்னால் பொ.ஆ.மு. 1700-க்கும் 400-க்கும் இடையே.

கலக்காத அந்த வேட்டைக்குடியின் எலும்பு எதிலிருந்தும் டி.என்.ஏ. அப்போது கைக்கு வரவில்லை. இன்றைய உடல்களிலிருந்து கழித்துப் பார்த்து ஊகித்த மூதாதை அது. நம் வெயிலிலும் ஈரத்திலும் டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். பழனி மலையின் கற்திட்டைகளை ஆங்லேடும் நியூட்டனும் 1928-லேயே ஒரு நூலில் பதிவு செய்துவிட்டார்கள். காலம் ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று அவற்றைப் பளியரோடு முடிச்சுப் போட ஆசை வரும். கல்லில் மரபணு இல்லை.

இந்த வம்பெல்லாம் சமவெளியில் இருக்கும் நமக்குத்தான். 2006 வன உரிமைச் சட்டம் ஒரு பளியரிடம் கேட்பது ரத்தத்தை இல்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்தக் காட்டு நிலம் அவர் கையில் இருந்ததா என்பதைத்தான்.