துணைக்கு வராத கப்பல்



கோலா சிலாங்கூரில் உள்ள மெலாவத்திக் குன்றை நீங்கள் அறிவீர்கள். ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்ட மக்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, பழைய பீரங்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டுவது வழக்கம். குன்றின் மேல் நின்றால் மலாக்கா நீரிணை தெரியும்.

1942 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் தேதி, ஜப்பானியப் படையினரை ஏற்றிய ஒரு சிறு கப்பல், படகுகளை இழுத்துக்கொண்டு இந்தக் கரையை நோக்கி வந்தது. கரையில் இருந்த பீரங்கிகள் சுட்டு அதனை விரட்டின. ஆனால் கடலில் அதனை மறிக்க ஒரு பெரிய போர்க்கப்பல்கூட இல்லை. உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படை எங்கே போயிற்று? இதற்கு விடை காண, ஒரு மாதம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் வடகரையில், செம்பவாங்கில், பிரிட்டிஷார் பெரும் பொருட்செலவில் ஒரு கடற்படைத் துறைமுகம் கட்டி 1938 இல் திறந்தனர். துறைமுகம் தயார், ஆனால் அதில் நிறுத்தப் பெரிய கப்பல்கள் இல்லை. போர் நெருங்கிய நேரத்தில்தான், 1941 டிசம்பர் 2 ஆம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவற்றுடன் இன்டாமிட்டபிள் என்னும் விமானம் தாங்கிக் கப்பலையும் அனுப்பத் திட்டமிட்டிருந்தனர். அதுவோ நவம்பர் மாதம் ஜமைக்கா தீவருகே தரைதட்டிப் பழுதடைந்து, வர முடியாமற்போயிற்று.

விமானம் தாங்கிக் கப்பல் என்பது என்ன? கடலில் மிதக்கும் ஒரு விமான நிலையம் என்று சொல்லலாம். அதன் மேல்தளம் தட்டையானது. இன்டாமிட்டபிள் கப்பலின் நீளம் ஏறத்தாழ 230 மீட்டர். இரண்டு காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது. விமானங்கள் கிளம்பும்போது, கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடும். அந்தக் காற்று விமானத்தைத் தூக்கிவிட உதவும். திரும்பி இறங்கும்போது, விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி, அதனை நிறுத்தும். இவ்வாறு ஒரு கப்பற்படை தன் காவல் விமானங்களைத் தன்னுடனேயே கொண்டு செல்ல முடியும்.

இதன் வலிமையை ஜப்பான் அன்றே உணர்ந்திருந்தது. மலாயா நேரப்படி டிசம்பர் 8 ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகத்தை, ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அங்கே அது டிசம்பர் 7 ஆம் தேதி காலை. அரிசோனா என்னும் ஒரே கப்பலில் 1,177 பேர் மாண்டனர். மூழ்கிக் கிடக்கும் அந்தக் கப்பலுக்கு மேலே, அதனைத் தொடாமல், பாலம்போல் ஒரு நினைவு மண்டபம் கட்டி 1962 இல் திறந்தார்கள். மாண்டவர் அனைவரின் பெயர்களும் அங்கே பளிங்குச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கே மலாயாவில், அந்த இரு பெருங்கப்பல்களும் நான்கு சிறு போர்க்கப்பல்களுடன் டிசம்பர் 8 மாலை சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டன. துணைக்கு விமானம் இல்லை. 10 ஆம் தேதி முற்பகல், குவாந்தான் கடலில், இந்தோசீனத் தளங்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் குண்டுகளாலும் டார்ப்பிடோக்களாலும் தாக்கின. பிற்பகல் ஒன்றரை மணிக்குள் இரண்டும் மூழ்கிவிட்டன. இறந்தோர் 840 பேர். சிங்கப்பூரிலிருந்து காவல் விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. இன்டாமிட்டபிள் வந்திருந்தால் அவை தப்பியிருக்குமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் வானத்தில் காவல் இல்லாத போர்க்கப்பல் எவ்வளவு பெரிதானாலும் பாதுகாப்பற்றது என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

அதன்பின் மலாயாவின் இரு கரைகளும் திறந்த கதவுகள் ஆயின. பினாங்கில் கைப்பற்றிய படகுகளையும் பயன்படுத்தி, ஜப்பானியர் மேற்குக் கரையோரமாகத் தெற்கே நகர்ந்தனர். பேராவில் அவர்கள் கரையிறங்கியதால், கம்பாரில் உறுதியாகப் போரிட்ட படை பின்வாங்க நேர்ந்தது. கோலா சிலாங்கூரில் விரட்டப்பட்டவர்களும் ஓய்ந்துவிடவில்லை. வடக்கே வேறோர் இடத்தில் இறங்கி, ஜனவரி 4 ஆம் தேதி பத்தாங் பெர்ஜுந்தையை நெருங்கினர். 11 ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

அதன் பிறகு நடந்தது நம் குடும்பக் கதை. ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டும் வேலை போயிற்று. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. சயாம் - பர்மா ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நோயாலும் பசியாலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கே மடிந்தனர்.

நேயர்களே, இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கடலிலே மறைந்த பிரிட்டிஷ் மாலுமிகளுக்குப் பிளிமத், போர்ட்ஸ்மத் முதலிய கடற்படைத் துறைமுக நகரங்களில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. பெயர் பெயராகச் செதுக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில், கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. இந்தியச் சிப்பாய்களும் அவர்களுள் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் மடிந்த நம்மவர்கள் பலர் பெயரின்றிக் குழிகளில் புதைக்கப்பட்டார்கள். அந்தத் தமிழர்களின் நினைவாக, காஞ்சனபுரியில் 2023 ஆம் ஆண்டுதான் ஒரு நடுகல் நாட்டப்பட்டது.

கப்பற்படையில் சேர்ந்தவனுக்குப் பதிவேடு இருந்தது. அதனால் அவன் பெயர் கல்லில் ஏறியது. லயத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டவரின் பெயரோ பெரும்பாலும் வீட்டார் நினைவில் மட்டுமே தங்கியது. அந்தக் காலத்தைக் கண்ட தாத்தா பாட்டிகளில் மிகச் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களிடமோ, அவர்கள் சொல்லக் கேட்ட உங்கள் பெற்றோரிடமோ கேளுங்கள். போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், திரும்பினாரா இல்லையா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளை விட்டே எழுதச் செய்யுங்கள். என்றாவது ஒரு நாள் அந்த நடுகல்லின் அருகே பெயர்களைப் பொறிக்க முன்வருவோர்க்கு, அந்த ஏடு தேவைப்படும்.